அப்பிள் பஜ்ஜியில மா கழண்டு போகாம இருக்க

நுவரெலியா குளிருக்கு நாலு மணி பிளேன்டியோட பிள்ளைங்களுக்கு சுடச்சுட அப்பிள் பஜ்ஜி போட்டு குடுங்க, அவ்வளவு நல்லா இருக்கும். 2 அப்பிளுக்கு 1 கப் கோதுமை மா, 1 முட்டை, 2 மேசைக்கரண்டி சீனி, அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் கறுவாத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, அரை கப் பால் ஊத்தி தோசை மாவை விட கெட்டியா கரைச்சிக்கோங்க. முக்கியமான விசயம் என்னன்னா வெட்டின அப்பிள் தண்ணி விடும், அப்படியே முக்கி போட்டா எண்ணெயில மா தனியா அப்பிள் தனியா கழண்டுரும், அதனால துணியால ஒத்தி எடுத்து முதல்ல கரைக்காத வெறும் மாவுல பிரட்டிட்டு அப்புறம் கரைச்ச மாவுல முக்குங்க, கப்புன்னு புடிச்சிக்கும். அப்பிளை அரை சென்டிமீட்டர் தடிப்புல வெட்டினா போதும். அடுப்பு மிதமா எரியட்டும், சீனி இருக்கிறதால சீக்கிரம் கருகிரும். புளிப்பு பச்சை அப்பிள் கிடைச்சா அதையே வாங்குங்க.