முதல் செஸ் போட்டிக்கு முன் கையைப் பழக்குவது எப்படி

கிளிநொச்சியில் நடந்த ஒருநாள் செஸ் போட்டியில் என் முதல் ஆட்டம் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. எதிரே இருந்தது பத்து வயதுப் பிள்ளை. இரட்டைப் பின்னல், கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டாது. நான் குதிரையைத் தூக்கினேன், அந்தரத்தில் வைத்தபடியே ஆபத்தைக் கண்டேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு ராணிக்குக் கையைக் கொண்டுபோனேன். "அண்ணா, குதிரையைத் தொட்டிட்டீங்கள்" என்றது பிள்ளை, மெதுவாக. பக்கத்து மேசைக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கூடுதல் வெட்கம். குதிரையை நகர்த்தினேன். ராணி போனது, பின்னால் ஆட்டமும் போனது.

பதினைந்து வருடமாக விறாந்தையில் விளையாடுகிறவன் நான். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பக்கத்து வீட்டு மாமா வருவார், பலகை விரியும். "பொறு பொறு, அதை வை" என்று நகர்வைத் திருப்பி எடுப்போம். செக் என்றால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். எங்கள் செஸ்ஸில் பாதி வாயால் நடப்பது. போட்டி மேசையில் வாய்க்கு வேலையே இல்லை, எல்லாம் கை. வீட்டில் ஓரளவு நன்றாக விளையாடி, ஒரு தடவை போட்டிக்குப் போய்ப் பார்ப்போமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆட்டத்தைத் திருத்தப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. நான் சொல்லப்போவது கையைத் திருத்துவது பற்றி.

(செஸ்ஸைப் போர் விளையாட்டு என்று தொடங்குவதுதான் வழக்கம். வன்னியில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை இலேசாக எழுத எனக்கு வருவதில்லை. செஸ் என்றே விடுகிறேன்.)

படி 1: போட்டியைத் தெரிவு செய்யுங்கள்

அறிவித்தலில் முதலில் பார்க்க வேண்டியது மூன்று: யாருக்கு, எத்தனை சுற்று, நேரம் எவ்வளவு. எங்கள் பக்கத்தில் நடப்பவற்றில் பல பாடசாலைப் பிள்ளைகளுக்கானவை. "திறந்த போட்டி" என்று போட்டிருந்தால் நீங்களும் போகலாம். உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் ஒருதடவை கேட்டு வையுங்கள். செஸ் பழக்கும் ஆசிரியர் யாராவது தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது, அவர்களுக்குத்தான் செய்தி முதலில் போகும்.

"ஃபிடே தரப்படுத்தல்" என்று எழுதியிருந்தால் அது உலக சம்மேளனத்தின் கணக்கில் ஏறும் போட்டி. அதற்கு ஃபிடே அடையாள எண் வேண்டும், அது தேசிய சம்மேளனத்தின் வழியாகத்தான் கிடைக்கும். முதல் தடவைக்கு அது தேவையில்லை. தரப்படுத்தல் இல்லாத, ஒரே நாளில் முடிகிற, ஐந்தாறு சுற்றுப் போட்டி போதும்.

நேரத்தை "15+10" என்பதுபோல் எழுதியிருப்பார்கள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 செக்கன் கூடுதலாகச் சேரும் என்று அர்த்தம். 40 நகர்வு விளையாடினால் சேர்வது மட்டும் 6 நிமிடம் 40 செக்கன். சேரும் செக்கன்களையும் கூட்டி 10 நிமிடமும் அதற்குக் குறைந்ததும் பிளிட்ஸ் என்ற மின்னல் வேக ஆட்டக் கணக்கில் வரும். அதில் தொடங்காதீர்கள், மூச்சு விட நேரம் கிடைக்காது.

தோற்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் சுவிஸ் முறைதான். எல்லாரும் கடைசிச் சுற்று வரை விளையாடுவார்கள், ஏறத்தாழ ஒரே புள்ளி உள்ளவர்களோடு சோடி சேர்ப்பார்கள். ஒரு சங்கதியை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: முதல் சுற்றில், தரத்தின்படி அடுக்கிய பட்டியலின் மேல்பாதி கீழ்பாதியோடு மோதும். பெயர் தெரியாத புது ஆளுக்குப் பலசாலி ஒருவர்தான் வந்து வாய்ப்பார். என் இரட்டைப் பின்னல்காரி அப்படி வந்தவள்தான்.

படி 2: தொடாமல் இருக்கப் பழகுங்கள்

விதி சின்னது. உங்கள் முறையில், நகர்த்தும் எண்ணத்தோடு உங்கள் காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் அதைத்தான் வெட்ட வேண்டும், வெட்ட வழியிருந்தால். கையை விட்டபிறகு அந்த நகர்வு முடிந்தது. முழங்கை தட்டி விழுந்தது இதில் சேராது. கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமென்றால், தொடுவதற்கு முன்னரே "நேராக்குகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். "ஜாடூப்" என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சொல்கிறவர்களும் உண்டு.

விதியைப் படித்தால் கை கேட்காது. நான் செய்தது இது: இரண்டு கிழமை, வீட்டில் விளையாடும்போது இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். முடிவெடுத்த பிறகுதான் வலது கை வெளியே வரும். மாமா ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னடா தம்பி, பள்ளிக்கூடத்திலை தண்டனை குடுத்தவையோ?" நாலாம் நாளிலிருந்து அவர் தன் காயைத் திருப்பி எடுப்பதையும் விடவேண்டி வந்தது, அது வேறு கதை.

படி 3: ஒரே கை

இதை யாரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை. நகர்த்துவது ஒரு கையால், அதே கையால்தான் மணிக்கூட்டையும் அமத்த வேண்டும். வலது கையால் காயை வைத்து இடது கையால் அமத்துவது பிழை. மற்றவரின் காயை வெட்டும்போது இடது கையால் அதை எடுத்து, வலது கையால் உங்கள் காயை வைப்பதும் பிழை. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். கோட்டை கட்டும்போதும் ஒரு கைதான்: முதலில் ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி, பிறகு கோட்டையை எடுத்து ராஜாவின் மறுபக்கத்தில் வையுங்கள். கோட்டையை முதலில் தொட்டு ராஜாவைப் பிறகு தொட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது.

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் கூடுதல் கவனம். ராணி ஏற்கெனவே பலகையில் நின்றாலும் இரண்டாவது ராணி எடுக்கலாம். வெட்டுப்பட்ட காயைத்தான் எடுக்கலாம் என்பது எங்கள் ஒழுங்கைச் சட்டம். பக்கத்தில் ராணிக் காய் இல்லையென்றால் மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கோட்டையைத் தலைகீழாக வைத்து "இது ராணி" என்று சொல்வது வீட்டில் செல்லும். போட்டியில் தலைகீழாக நின்றாலும் அது கோட்டைதான். சிப்பாயை அப்படியே விட்டுவிட்டு மணிக்கூட்டை அமத்தினால் அது சட்டவிரோத நகர்வு.

சட்டவிரோத நகர்வுக்கு விரைவு ஆட்டத்தில் (15+10 போன்றது) தண்டனை, எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல். இரண்டாம் தடவை செய்தால் ஆட்டமே போகும். ஃபோனில் மட்டும் விளையாடிப் பழகியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஃபோன் பிழையான நகர்வை ஏற்காது, செக் விழுந்தால் ராஜாவின் கட்டத்தைச் சிவப்பாக்கும். மரப்பலகை ஒன்றும் சொல்லாது. எதிராளியும் "செக்" என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே அவர் நகர்த்தியதும் முதலில் உங்கள் ராஜாவைப் பாருங்கள், பிறகு மற்றது.

படி 4: மணிக்கூடு

மணிக்கூடு வாங்கத் தேவையில்லை. ஃபோனில் இலவச செஸ் மணிக்கூட்டுச் செயலி உண்டு, அதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து வீட்டில் பத்து ஆட்டமாவது விளையாடுங்கள். நகர்த்து, அமத்து. நகர்த்து, அமத்து. சோறு பிசைகிற மாதிரி யோசிக்காமல் வர வேண்டும்.

மூன்றாம் சுற்றில் நான் அமத்த மறந்தேன். எதிரே ஒரு உயர்தர வகுப்புப் பெடியன். நான் அவன் யோசிக்கிறான் என்று நினைத்துக் கொண்டிருக்கிறேன். அவன் கூரைவிசிறியைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். நாலு நிமிடம் போன பிறகுதான் எண் ஓடுவது என் பக்கம் என்று கண்டேன். அவனில் பிழையில்லை, சொல்ல வேண்டும் என்று விதியில்லை. சொன்னால் நல்ல பிள்ளை, அவ்வளவுதான்.

இன்னொன்று: வெல்லும் நிலையில் இருந்தாலும் நேரம் முடிந்தால் தோல்விதான் (எதிராளியிடம் மேட் செய்ய வழியே இல்லையென்றால் சமன்). அதனால் 15 நிமிட ஆட்டத்தில் முதல் பத்து நகர்வுக்கு 3 நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு, எதிராளி ராஜா சிப்பாயோடு தொடங்கினால் ஒன்று, ராணி சிப்பாயோடு தொடங்கினால் ஒன்று, ஆக மூன்று போதும். அதற்கு மேல் பாடமாக்குவது முதல் போட்டிக்கு வீண்.

படி 5: சமன், முறைப்பாடு

சமன் கேட்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. முதலில் உங்கள் நகர்வைச் செய்யுங்கள், பிறகு "சமன்?" என்று கேளுங்கள், பிறகு மணிக்கூட்டை அமத்துங்கள். அவர் யோசிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்டால் அது தொந்தரவு.

எதிராளி தொட்டுவிட்டு மாற்றினால் வாக்குவாதம் வேண்டாம். உங்கள் கை எந்தக் காயையும் தொடுவதற்கு முன் மணிக்கூட்டை நிறுத்தி, கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஒரு காயைத் தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். சின்னப்பிள்ளை எதிரே இருக்கும்போது பெரியவர்கள் நாங்கள் குரலை உயர்த்திச் சமாளிக்கப் பார்ப்போம். செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு விதி உங்களைவிட நன்றாகத் தெரியும்.

படி 6: போகிற நாள்

முல்லைத்தீவு, மல்லாவிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பஸ் நேரத்தை முதல்நாளே விசாரித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையை நம்ப முடியாது. முறிகண்டி வழியாக வந்தால் அங்கே பஸ் நிற்கும்போது கச்சான் வாங்கலாம், ஆனால் மண்டபத்துக்குள் உடைக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தல், இரண்டு பேனை. விரைவு ஆட்டத்தில் நகர்வுகளை எழுதுவது கட்டாயமில்லை, இருந்தாலும் ஒன்றிரண்டு ஆட்டமாவது எழுதுங்கள். முதலில் நகர்த்திப் பிறகுதான் எழுத வேண்டும், முன்கூட்டி எழுதுவதும் விதிக்குப் புறம்பு.

ஃபோனை வீட்டில் விட்டு வந்தால் நிம்மதி. முற்றாக அணைத்துப் பையில் வைக்க விடும் போட்டிகளும் உண்டு, நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே அது சட்டைப்பையில் மணியடித்தால் ஆட்டம் கைவிட்டுப் போகும். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பாதியோடு நிறுத்துங்கள். நான் முழுவதும் சாப்பிட்டேன். நாலாம் சுற்றில் எனக்கு வந்தது செக்மேட் இல்லை, நித்திரை.

இடையில் போகவேண்டி வந்தால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அடுத்த சுற்றில் ஒரு பிள்ளை வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

படி 7: ஆட்டம் முடிந்தபின்

கை கொடுங்கள், முடிவை இரண்டு பேருமாகப் பதியுங்கள், காய்களைத் திரும்ப அடுக்குங்கள். மேசையிலேயே ஆட்டத்தை அலசாதீர்கள், பக்கத்தில் இன்னும் விளையாடுகிறார்கள். வெளியே போய், தோற்ற ஆட்டத்தை வென்றவரிடமே கேளுங்கள்.

நான் கேட்டேன். வாசல் வேம்பின் கீழ் அந்தப் பிள்ளை ஒரு சின்னக் காந்தப் பலகையை விரித்தாள், தாய் பக்கத்தில் குடையோடு நின்றார். நான் ஏழாவது நகர்வில் குதிரையைத் தொட்ட நிலையை நினைவிலிருந்தே அடுக்கினாள். "இதிலை குதிரையை இஞ்சை வைச்சிருந்தால் ராணி போகாது, அண்ணா" என்று ஒரு கட்டத்தைக் காட்டினாள். தொட்ட அதே குதிரைதான். வேறு காயைத் தொட்டிருக்கலாம் என்று காலையிலிருந்து நான் கவலைப்பட்டதுதான் மிச்சம்.

அன்று ஆறு சுற்றில் எனக்கு ஒன்றரைப் புள்ளி.