‘பிறகு’ எப்போது ஆஃப்டர், எப்போது ஆஃப்டர்வேர்ட்ஸ்?

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறைக்கு வெளிநாட்டுக்காரர் சிலரைக் கூட்டிப் போயிருந்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றுவதைக் காட்டிவிட்டு, பெரிய ஆள் மாதிரி "ஆஃப்டர், தே புட் சேண்ட் அண்ட் சிமெண்ட்" என்றேன். அதில் ஒரு அம்மா "ஆஃப்டர் வாட்?" என்று கேட்டார். எதற்குப் பிறகு என்று!

நம்ம ‘பிறகு’ பண்ணுகிற வேலை இது. தனியாகவும் நிற்கும், இன்னொன்றுக்கு வாலாகவும் ஒட்டும். இங்கிலீஷில் அதற்கு வேறு வேறு ஆள்.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகுக்கு முன்னால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? ‘சாப்பாட்டுக்குப் பிறகு’, ‘வண்ணம் ஊற்றிய பிறகு’ என்று ஒட்டியிருந்தால் ஆஃப்டர். நம்மிடம் முன்னால் நிற்பது அங்கே பின்னால் போய்விடும்: ஆஃப்டர் லஞ்ச், ஆஃப்டர் தே போர் த கலர்.

படி 2: ஒட்டாமல் தனியே நின்றால் ஆஃப்டர்வேர்ட்ஸ். நான் பட்டறையில் சொல்லியிருக்க வேண்டியது, "ஃபர்ஸ்ட் தே போர் த கலர். ஆஃப்டர்வேர்ட்ஸ், தே புட் சேண்ட் அண்ட் சிமெண்ட்." கடைசியிலும் வைக்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்: "வி ஏட் இன் காரைக்குடி அண்ட் வென்ட் டு கானாடுகாத்தான் ஆஃப்டர்வேர்ட்ஸ்." ஆனால் ஈரக்கலவை போடுவது, கண்ணாடியிலிருந்து எடுப்பது, தண்ணீரில் ஊறப்போடுவது என்று வேலை வரிசையாகப் போகும்போது ஒவ்வொன்றுக்கும் ஆஃப்டர்வேர்ட்ஸ் போட்டால் கேட்பவருக்கு அலுத்துவிடும், நடுவில் ‘தென்’ போடுங்கள்.

படி 3, இதில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். அப்பத்தா போனை வைக்கும்போது "பிறகு பேசுறேன்ப்பா" என்பார். தனியாகத்தானே நிற்கிறது? ஆனாலும் இது லேட்டர். ஆஃப்டர்வேர்ட்ஸ் வர வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு சம்பவம் பேச்சில் வந்திருக்க வேண்டும், அதிலிருந்துதான் அது எண்ணும். அப்பத்தா எண்ணுவது இந்த நிமிஷத்திலிருந்து.

சூன் ஆஃப்டர், த டே ஆஃப்டர் மாதிரி சில இடங்களில் ஆஃப்டரும் தனியாக நிற்கும், அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம், அமெரிக்கர்கள் பெரும்பாலும் கடைசி ‘எஸ்’ இல்லாமல் ஆஃப்டர்வேர்ட் என்று எழுதுவார்கள், அது பிழை இல்லை.

சரி, இதை இங்கிலீஷில் சொல்லுங்கள்: "கவுனி அரிசியை ராத்திரியே ஊறப்போட்டோம். பிறகு வேகவைத்தோம். வெந்த பிறகு சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டோம்."