முழு இருதயத்தோடு இயேசுவைப் பின்பற்றும்போது எங்கே தவறுகிறோம்?

வேதாகமத்தில் லூக்கா 9-ஆம் அதிகாரத்தின் முடிவில், இயேசுவைப் பின்பற்றுவது பற்றி அவரோடு பேசும் மூன்று பேர் வருகிறார்கள். அதில் இரண்டு பேர் "முதலில்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒருவர் முதலில் தகப்பனை அடக்கம் செய்ய வேண்டும் என்கிறார், இன்னொருவர் முதலில் வீட்டாரிடம் விடைபெற வேண்டும் என்கிறார். இரண்டுமே தப்பான காரியங்கள் இல்லை. நம்மைத் தாமதிக்க வைப்பதும் பெரும்பாலும் பாவமான காரியம் இல்லை. படிப்பு முடியட்டும், கடன் அடையட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று நியாயமான காரணங்களாகவே வரும். அதனால்தான் அவற்றை நாம் சந்தேகிப்பதே இல்லை.

அடுத்தது, ஊழியத்தையே சீஷத்துவம், அதாவது இயேசுவைப் பின்பற்றும் வாழ்க்கை, என்று நினைத்துவிடுவது. பாடல் குழு, ஞாயிறு பள்ளி, ஜெபக்குழு என்று ஓடிக்கொண்டே இருப்பவர், தம்பியோடு பல வருடமாகப் பேசாமல் இருக்கலாம். மத்தேயு 7-இல் 'உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோமே' என்று சொல்பவர்களிடம்தான் ஆண்டவர் 'உங்களை ஒருபோதும் அறியவில்லை' என்கிறார். சபையில் யாரும் பார்க்காத இடத்தில், அதாவது பணத்திலும் கோபத்திலும் வீட்டாரிடம் பேசும் பேச்சிலும் அவர் சொல்வதைக் கேட்கிறோமா என்பதுதான் கேள்வி.

இதிலேயே பணத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மாற்கு 10-இல் வரும் பணக்காரர் சிறுவயது முதல் தேவனுடைய கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, கைக்கொண்டவர். இயேசு அவரைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டும்தான் எழுதுகிறார். அந்த அன்போடுதான் 'எல்லாவற்றையும் விற்று தரித்திரருக்குக் கொடு' என்றார். இதைப் படிக்கும்போது நாம் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். 'அது அவருக்கு மட்டும் சொன்னது' என்று சிலர் கடந்துவிடுகிறார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் விற்றே ஆக வேண்டும் என்று சிலர் சட்டமாக்குகிறார்கள். ஆனால் லூக்கா 19-இல் வரும் சகேயு என்ற பணக்கார வரிவசூலிப்பாளர் தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுப்பதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னபோது, மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்றார். சரி, அப்படியானால் அளவு என்ன? ஜெபத்தில் எந்த விஷயத்தைப் பற்றி அவர் பேசிவிடக் கூடாது என்று நினைக்கிறோமோ, அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

மனதை மிகவும் வருத்தும் தவறு ஒன்று உண்டு. எல்லாக் கஷ்டத்துக்கும் சிலுவை என்று பெயர் வைப்பது. இயேசு எடுக்கச் சொன்ன சிலுவை, அவரைப் பின்பற்றுவதால் வருவது. உண்மை பேசியதால் இழந்த பதவி, மன்னித்ததால் விட்டுக்கொடுத்த உரிமை, இவையெல்லாம் அதில் சேரும். வியாதி அந்தச் சிலுவை இல்லை. வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் "இது உன் சிலுவை, சுமந்துகொள்" என்று ஆலோசனை சொல்வது அவளுக்குச் செய்யும் கொடுமை. அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பு.

இன்னொரு பக்கம், தேவனுக்காக என்று சொல்லிக் கடமையைக் கைவிடுவதும் நடக்கிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு மாற்கு 7-இல் கடுமையாகக் கண்டித்தார். ஊழியத்துக்குப் போகிறேன் என்று குடும்பத்தைப் பட்டினி போடுவது அர்ப்பணிப்பு ஆகாது.

கடைசியாக, ஒரு கூட்டத்தில் கண்ணீரோடு நம்மை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம். சிலுவையை 'அநுதினமும்' எடுக்க வேண்டும் என்கிறது லூக்கா 9:23. அப்புறம் விழுந்துவிட்டால், இனி நமக்கு இது ஆகாது என்று ஒதுங்கிவிடுகிறோம். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், உயிர்த்தெழுந்த இயேசு 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் தம் மந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார். ஆகவே விழுந்த அன்றே போய் அவரிடம் சொல்லுங்கள், அடுத்த எழுப்புதல் கூட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.