பெருங்குடல் புற்றுநோய்: திசு அறிக்கையில் உள்ள புரதக் குறியீடுகளைப் படிக்கும் முறை

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் நோய்க்குறியியல் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியவை புரதங்களின் பெயர்கள் அல்ல. கட்டி குடற்சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியுள்ளது என்பவற்றையே முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆராயப்பட்ட முடிச்சுகள் 12-க்குக் குறைவாக இருந்தால், பரவல் இல்லை என்ற முடிவை முழுமையாக நம்புவது கடினம். அந்தக் குறையை எந்தப் புரதமும் ஈடுசெய்யாது.

அதன்பின் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற நான்கு பெயர்களைத் தேடுங்கள். டி.என்.ஏ. நகலாகும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை. திசுவுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையில், புற்றுசெல்களின் உட்கருவில் சாயம் ஏறியிருந்தால் புரதம் உள்ளது என்றும், ஏறாவிட்டால் இழப்பு என்றும் எழுதுவார்கள். ஆனால் அதே வில்லையில் உள்ள நிணநீர் செல்களிலோ இயல்பான குடல் செல்களிலோ சாயம் ஏறியிருந்தால்தான் அந்த இழப்பு உண்மையானது. அவற்றிலும் ஏறவில்லையென்றால் சோதனையே பிழைத்திருக்கலாம். எம்.எல்.எச்.1 இழந்தால் அதன் இணையான பி.எம்.எஸ்.2-உம், எம்.எஸ்.எச்.2 இழந்தால் எம்.எஸ்.எச்.6-உம் பொதுவாகச் சேர்ந்தே மறையும்.

இழப்பு என்ற சொல்லைக் கண்டதும் பலர் அஞ்சுகிறார்கள். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாத இரண்டாம் நிலை நோயில் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி: நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு; ஆனால் ஃபுளோரோயுராசில் வகை வேதிச்சிகிச்சை மருந்தை மட்டும் கொடுப்பதால் கிடைக்கும் பயனும் குறைவு. பிற உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையில் இதே இழப்பு நல்ல முன்கணிப்பைக் குறிப்பதில்லை; எனினும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை பலனளிக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. நோய் எப்படிப் போகும் என்பதும் எந்த மருந்து பலிக்கும் என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதால், ஒவ்வொரு குறியீடும் எதற்கு விடை சொல்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எம்.எல்.எச்.1 இழப்பு இருந்தால் பிராஃப் வி600இ மரபணு மாற்றமோ எம்.எல்.எச்.1 மரபணுவின் மெத்திலேற்றமோ (மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் வேதி மாற்றம்) சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்று இருப்பின் நோய் பெரும்பாலும் பரம்பரையாக வந்ததன்று. இரண்டும் இல்லையெனில், அல்லது எம்.எல்.எச்.1 இழக்கப்படாமல் மற்ற மூன்றில் ஏதேனும் இழந்திருந்தால், லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைப் புற்றுநோய்ப் பாதிப்புக்கான மரபணுச் சோதனையும் குடும்பத்தாருக்கான ஆலோசனையும் தேவைப்படும்.

மற்ற குறியீடுகளுக்கு இத்தனை எடை இல்லை. குடல் செல்களின் தன்மையைக் காக்கும் சி.டி.எக்ஸ்.2 புரதத்தின் இழப்பு பாதகமான போக்குடன் தொடர்புடையது என ஆய்வுகள் காட்டியுள்ளன. செல் பெருக்கத்தைக் காட்டும் கி-67, கட்டியை அடக்கும் புரதமான பி53 ஆகியவற்றின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு முரண்படுவதால், என் கருத்தில், அவற்றின் சதவீதத்தை வைத்து ஆயுளைக் கணக்கிடுவது வீண் கவலையையே தரும். செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதத்தின் மிகைவெளிப்பாடு முக்கியமாகப் பரவிய நோயில் மருந்துத் தேர்வுக்கு உதவுகிறது. சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதம் வழக்கமாக இரத்தத்தில் அளக்கப்படுவது. அதைத் திசு முடிவுகளுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.