சிடி4 எண்ணும்போது நான் கவனிப்பவை

சிடி4 என்பது உடலின் நோய் எதிர்ப்பை வழிநடத்தும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் ஒரு குறி; எச்ஐவி உள்ளவர்களுக்கு அந்தச் செல்களை எண்ணிப் பார்ப்போம். ஊதா மூடி போட்ட, ரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில் ரத்தம் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். சாயம் ஏற்றுவதற்கு முன் குழாயைப் பத்துமுறையாவது மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது.

நாங்கள் செய்வது கழுவாத முறை, அதாவது சாயம் ஏறிய செல்களைக் கழுவாமலே எண்ணுவது. எண்ணிக்கை மணிகள் (ஒப்பிட்டுக் கணக்கிட, எத்தனை என்று முன்பே தெரிந்த நுண்மணிகள்) உள்ள குழாயில், செல்களின் குறிகளில் ஒட்டி ஒளிரும் சாயம் ஏற்றும் ஆன்டிபாடி கலவை 20 மைக்ரோலிட்டர், அப்புறம் 50 மைக்ரோலிட்டர் ரத்தம். கை நிதானம் வேண்டிய இடம் இதுதான். பிப்பெட்டை இரண்டாம் நிறுத்தம் வரை அமுக்கி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் விடுங்கள். முனையில் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சட்டும். முனையின் வெளிப்புறத்தையும் துடைத்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் குழாயின் உள்சுவரில் ஒரு சிவப்புத் துளி ஒட்டியிருந்ததை விட்டுவிட்டேன். அதிலிருந்த செல்களில் சாயம் ஏறவில்லை, எண்ணிக்கை தப்பாகிவிட்டது. நோயாளியிடம் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

15 நிமிடம் இருட்டில். பிறகு சிவப்பணுக்களை உடைக்கும் சிதைப்புக் கரைசல் 450 மைக்ரோலிட்டர், இன்னொரு 15 நிமிடம்.

கருவியில் எண்ணும்போது சிடி4 மட்டும் பார்த்தால் போதாதா என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பார்கள். போதாது. மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களின் மேலும் சிடி4 மங்கலாக இருக்கும். டி செல்களின் அடையாளமான சிடி3-யும் சேர்ந்து ஒளிரும் செல்களை மட்டும் எண்ணுங்கள். எச்ஐவி உள்ளவருக்கு மைக்ரோலிட்டருக்கு 200 என்ற கோடு அவ்வளவு முக்கியம். 190-ஐ 230 என்று எழுதினால், 200-க்குக் கீழே போனவருக்குத் தொற்று வராமல் கொடுக்கும் தடுப்பு மருந்தே தள்ளிப்போகலாம்.