கழன்றுபோன மிரர் டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கும்போது செய்யக் கூடாதவை

லினக்ஸ் சர்வரில் ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை வைக்கும் மிரர். மிரரின் நிலையைச் சொல்லும் எம்டிஸ்டாட் கோப்பில், இரண்டு டிஸ்க்கும் நலம் என்று காட்டும் [யூயூ] இருக்க வேண்டிய இடத்தில் [யூ_] இருக்கிறது. ஒரு டிஸ்க்குடன் தொடர்பு அறுந்துவிட்டது, மற்றொன்றை வைத்து வண்டி ஓடுகிறது.

பதறிப்போய் உடனே டிஸ்க்கைச் சேர்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. கழன்ற காரணம் அப்படியே இருந்தால் பாதி சிங்க்கில் (ஓடும் டிஸ்க்கிலிருந்து மற்றதற்கு நகலெடுக்கும் வேலை) மறுபடி கழன்றுகொள்ளும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் எண் (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் கோளாறு. 5, 197 (கெட்ட, சந்தேகத்துக்குரிய செக்டர்கள்) ஏறினால் டிஸ்க்கே கெடுகிறது, புதிது வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கும் இதே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முழு சிங்க் அதைத் தொடக்கம் முதல் கடைசிவரை படிக்கும். பல மாதம் யாரும் தொடாத செக்டர் படிக்க முடியாமல் கிடப்பது அப்போதுதான் தெரியவரும். பேக்கப் முதலில், சிங்க் பிறகு.

லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை நம்பாதீர்கள், ரீபூட்டில் இடம் மாறும். லேபிளில் உள்ள சீரியல் எண்ணைப் பாருங்கள். எந்த டிஸ்க்கில் புதிய தரவு இருக்கிறது என்பதை, மிரரைக் கையாளும் எம்டிஅட்ம் கருவியின் எக்ஸாமின் கட்டளை காட்டும் ஈவென்ட்ஸ் எண் சொல்லும்: 48210, 48377 என்று இருந்தால் பெரிய எண் உள்ள டிஸ்க்கிலிருந்துதான் நகலெடுக்க வேண்டும். ஆனால் இரண்டு டிஸ்க்கிலும் மாறி மாறித் தனியே பூட் செய்திருந்தால் அந்த எண் எதற்கும் சாட்சி இல்லை. இரண்டிலும் வெவ்வேறு புது ஃபைல்கள் இருக்கும். சிங்க்கில் மேலெழுதப்பட்டு அழியப்போகும் டிஸ்க்கிலிருந்து வேண்டியதை முன்பே எடுத்து வையுங்கள்.

எங்கெங்கே எழுதப்பட்டது என்று குறித்துவைக்கும் பிட்மேப் போட்ட மிரரில், டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கும் ரீ-ஆட் கட்டளை கொடுத்தால் மாறிய பகுதிகள் மட்டும் நகலாகும், சில நிமிட வேலை. 'சுத்தமாகத் தொடங்கலாம்' என்று சூப்பர்பிளாக்கை (டிஸ்க் எந்த மிரரைச் சேர்ந்தது என்ற குறிப்பு) அழித்தீர்களோ, 4 டிபி டிஸ்க்குக்கு நொடிக்கு 150 எம்பி வேகத்தில்கூட ஏழரை மணி நேரம் ஆகும்.

அதே பிட்மேப்பில் ஒரு பொறியும் உண்டு. கழன்ற டிஸ்க்கை வேறு கணினியில் தனியாக மவுன்ட் செய்து பார்த்தால், அங்கே எழுதப்பட்டது மிரருக்குத் தெரியாது. ரீ-ஆட் அந்த இடங்களைத் தொடாமல் விட்டுவிடும். எம்டிஸ்டாட் [யூயூ] காட்டும், உள்ளே இரண்டும் வெவ்வேறு. ரீட்-ஒன்லியில்கூட இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலை (பாதியில் நின்ற எழுத்துகளின் பதிவு) ஓட்டி எழுதிவிடக்கூடும், மவுன்ட் கட்டளையில் 'நோலோட்' சேர்க்காவிட்டால். அப்படித் தொட்ட டிஸ்க்குக்கு மட்டும் சூப்பர்பிளாக்கை அழித்து முழு சிங்க் ஓட்டுவதே சரி.

பிட்மேப் இல்லையென்றால் சிங்க் முடிந்ததும் போடுங்கள், ஓடும்போது ஏற்காது. பிறகு இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிடும் ஒரு செக் ஓட்டுங்கள். ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) இருக்கும் மிரரில், வேறுபாடுகளைக் காட்டும் மிஸ்மேட்ச் எண் கொஞ்சம் வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.