மான்டரே கடலில் முதல்முறை இறங்கப் போகிறீர்களா?

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து மான்டரேக்குக் காரில் ஒன்றேகால் மணி நேர ஓட்டம். புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்றுக்கொண்டு இங்கே குடிவந்த நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள்: "குளிர் தாங்க முடியுமா?" நானும் புதுச்சேரியில் 29 டிகிரித் தண்ணீரில் கற்றவன். ஒன்பது வருடமாக மான்டரேயின் சான் கார்லோஸ் கடற்கரையில், எல்லோரும் பிரேக்வாட்டர் என்று சொல்லும் இடத்தில், இறங்கிக்கொண்டிருக்கிறேன். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. அலையைப் படிக்கத் தெரியாமல் இறங்குவதுதான் இங்கே ஆபத்து.

எனக்கு டைவ் வெள்ளிக்கிழமை இரவே தொடங்கிவிடும். சாப்பிட்ட கையோடு, அலையை அளக்கும் 46042 என்ற மிதவையின் எண்களைப் பார்ப்பேன். மான்டரேக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி ஆழ்கடலில் மிதப்பது அது. பிறகு கரையோரமாக இருக்கும் 46240. இரண்டிலும் அலையின் உயரத்தோடு இன்னொரு எண்ணும் இருக்கும்: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்பது. புதிதாக வருகிறவர்கள் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுகிறார்கள். இடைவெளிதான் முக்கியம். 8 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். 15 மீட்டர் ஆழத்துக்குப் போனால் அதன் ஆட்டம் பாதிக்கும் மேல் தணிந்துவிடும். 16 விநாடி அலையின் நீளமோ 400 மீட்டர். மேலே பார்த்தால் கடல் சாதுவாகத் தெரியும். அடியில் மணலோடு சேர்த்து உங்களையும் முன்னும் பின்னும் இழுத்து ஆட்டும். 4 அடி, 17 விநாடி என்று காட்டினால் நான் போவதில்லை. 5 அடி, 8 விநாடி என்றால் போய்ப் பார்ப்பேன்.

அலை வரும் திசையையும் கவனியுங்கள். தெற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வந்தால் தீபகற்பமே மறைத்துக்கொள்ளும். வடமேற்கு, அதிலும் வடக்கு சாய்ந்து வந்தால் நேரே பிரேக்வாட்டருக்குள் நுழையும். மதியத்துக்கு மேல் காற்று எழும், அதனால் காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். கார் நிறுத்த இடமும் கிடைக்கும்.

எந்த மாதம் வரலாம் என்றால், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. தண்ணீர் 13, 14 டிகிரி இருக்கும். நல்ல நாளில் 10 மீட்டருக்கு மேல் கண் தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே ஏறி வரும். 9, 10 டிகிரி. அந்த நீரோடு வரும் சத்தில் நுண்பாசி பெருகி, கடல் பச்சைக் கலங்கலாகிவிடும். சில நாள் அந்தக் கலங்கலைத் தாண்டி 8 மீட்டருக்குக் கீழே போனால் சட்டென்று தெளிவு கிடைக்கும். கூடவே முகத்தில் அறைகிற மாதிரிக் குளிரும் வரும்.

உடுப்பு 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் வெட்சூட், தலையை மூடும் ஹூட், கிளவுஸ், பூட்ஸ். நாலும் வேண்டும். ஹூட்டின் கழுத்துப் பகுதியை வெட்சூட்டுக்குள் செருகுங்கள். முதல் வருட மே மாதத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு தளர்ந்த உடுப்போடு நான் இறங்கினேன். ஒவ்வொரு முறை தலையைத் திருப்பும்போதும் கழுத்து வழியே குளிர்நீர் முதுகில் இறங்கியது. இருபதாவது நிமிடம் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றும் பொத்தானை விரல் தேடுகிறது, விரலுக்குப் பொத்தான் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் அழுத்த வேண்டியிருந்தது. கூட வந்தவரிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, இருவரும் மேலே வந்துவிட்டோம். அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்க்கிறேன். தொட முடியவில்லை என்றால் டைவ் முடிந்தது. காற்று எவ்வளவு மீதி இருந்தாலும் சரி.

எடைக் கட்டியும் கூடும். புதுச்சேரியில் 4 கிலோவில் மூழ்கிய எனக்கு இங்கே 12 கிலோ வேண்டும். ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் வெட்சூட்டின் ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் பாதியாகச் சுருங்கிவிடும். கதகதப்பு குறையும், மிதப்பும் குறையும், திடீரென்று கனத்துப் போவீர்கள். ஜாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கரைக்கு வந்ததும் உடுப்பை மாட்டாதீர்கள். பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஓர் ஓய்வு. அந்த ஓய்வில் இறங்க வேண்டும்: மாஸ்க் முகத்தில், மூச்சுவிடும் ரெகுலேட்டர் வாயில், அலை உடையும் இடத்தில் நிற்காமல். திரும்பி வரும்போது அலை தள்ளினால் எழுந்து நிற்கப் போராடாதீர்கள்; கையும் காலும் ஊன்றித் தவழ்ந்தே கரையேறலாம்.

தெற்கே கார்மல் பக்கம் மொனாஸ்ட்ரி பீச் என்று ஒன்று இருக்கிறது. கரையை ஒட்டியே செங்குத்தாகச் சரியும் பருமணல். அங்கே பலர் உயிர் விட்டிருக்கிறார்கள். முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே கெல்ப் காடு. தென்னை உயரத்துக்கு நிற்கும் பெரும்பாசி. ஒவ்வொரு இலைக்கும் அடியில் ஒரு காற்றுப்பை. காலில் சுற்றிக்கொண்டால் சுழன்று விடுவிக்கப் பார்க்காதீர்கள், இன்னும் சுற்றும். அசையாமல் நில்லுங்கள். தண்டைக் கையில் பிடித்துச் சட்டென்று மடித்தால், முருங்கைக்காய் உடைகிற மாதிரி முறியும். மேலே வரக் கொஞ்சம் காற்றை மிச்சம் வையுங்கள். கெல்ப் விரிப்புக்கு அடியிலேயே நீந்தி வெளியேறுவது எளிது, அதன்மேல் தவழ்வது களைப்பு.

கடலடியில் கிடக்கும் பழைய பெரிய குழாயைப் பிடித்துக்கொண்டே போய், அது முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் போனால், சுமார் 15 மீட்டரில் பாறைகள் முழுக்க மெட்ரிடியம் என்ற வெள்ளைக் கடல் சாமந்திகள். பூப்போலத் தெரிந்தாலும் விலங்குகள்தான். முழங்கை உயரத் தண்டு, உச்சியில் பூத்த காலிஃபிளவர் போன்ற தலை. அலை ஆட்டத்துக்கு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிரும். தொடாதீர்கள், தொட்டால் உருண்டையாகச் சுருங்கிப் போகும். சற்று மேலே நின்று டார்ச்சை அணைத்துப் பாருங்கள், அந்தப் பச்சை வெளிச்சத்திலும் வெள்ளை தெரியும். அதைக் காட்டத்தான் ஒவ்வொருவரையும் அங்கே அழைத்துப் போகிறேன்.

காரில் இரண்டு ஃபிளாஸ்க் வையுங்கள்: ஒன்றில் இஞ்சி டீ, ஒன்றில் வெறும் வெதுவெதுப்பான நீர். இரண்டாவது டைவுக்கு முன் அந்த நீரைக் கிளவுஸுக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் டேங்கைக் கழற்றிக் காரில் ஏற்றுங்கள்.